பாஸான வண்டி

பிள்ளைகளா, ராணுவ லாரியைப் பற்றி அப்பா ஏன் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரகடத்து லாரிக் கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் டிரைவர். புது வண்டிகளை மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. ரோடே இல்லாத இடத்திலும் ஓடுகிற லாரி ராணுவத்துக்கு வேண்டுமென்று அழைப்பு வந்தது. எங்கள் கம்பெனியும் ஒரு வண்டி கொடுத்தது. ஆர்டர் கிடைத்தால் இந்த வண்டிக்கென்றே தனி உற்பத்தி லைன் வரும், உங்களையெல்லாம் பர்மனென்ட் ஆக்குவோம் என்று மேனேஜர் சொன்னார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்த வயதுக்கு மேல் கான்ட்ராக்ட் ஆளை இந்தப் பக்கத்தில் எந்த கேட்டிலும் நிறுத்திக்கூடப் பேசமாட்டார்கள். அந்த லாரியைத்தான் நான் நம்பியிருந்தேன்.

முதல் சோதனை பனிமலையில். உதவிக்கு என்னையும் அனுப்பினார்கள். வண்டியை ஓட்டியது வேலூர்ப் பக்கத்து சிப்பாய் ஒருவர். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, இஞ்சின் சிங்கம். சீட்டு மட்டும் பலகை. உங்க ஓனர ஒரு நாள் இதுல குந்தச் சொல்லுங்க.”

திரும்பி வந்து அதைச் சொன்னேன். திருத்திக்கொள்ள ராணுவமும் அனுமதி கொடுத்தது. நல்ல சீட் போட்டோம். போட்ட கையோடு அடித்தகட்டைத் தடிமனாக்கினோம், சேற்றில் சிக்கினால் வண்டியை வெளியே இழுக்கும் கம்பியையும் உசத்தியாக மாற்றினோம். கேட்டது சீட் மட்டும்தான். மற்றதெல்லாம் ஆசையில் நாங்களாகச் செய்தது. வெல்டிங் பார்க்கும் படப்பைக்காரன், என் கூட்டாளி, சிரித்துக்கொண்டே இருப்பான்.

“இன்னா மாமே, பொண்ணு பாக்க வர்ற மாரி ஜோடிச்சிக்கினே கீறோம்!”

அடுத்தது பாலைவனம். வேறு ஆட்கள் கூடப் போனார்கள். எல்லாச் சோதனையிலும் வண்டி பாஸ் என்று செய்தி வந்த அன்று கேன்டீனில் லட்டு கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்ததை டிஷ்யூ பேப்பரில் மடித்து உங்களுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குச் சந்தோஷத்தில் வீட்டில் நான் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிக்கு விலை எழுதி ஒட்டிக் கொடுத்திருந்த கவரைப் பிரித்தார்கள். நாங்குநேரிக்கார சூப்பர்வைசர் ஷெட்டுக்குள் வந்து எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“போச்சுலே. வேற கம்பெனிக்காரனுக்குப் போயிட்டு.”

“அவன் வண்டி மணல்ல நின்னுபோச்சுன்னாங்களே சார்?” என்றேன்.

“நின்னுச்சு. அப்புறம் கிளம்பிட்டுல்லா? அவனும் பாஸு, நாமளும் பாஸு. பாஸுக்கு மேல மார்க்கெல்லாம் கெடையாது. பாஸானவன்ல எவன் வெல கம்மியோ அவனுக்குத்தான் ஆர்டரு.”

கூட்டாளி விடவில்லை. “அப்போ நாம போட்ட சீட்டு, தகடெல்லாம்?”

“அதான்லே நம்ம வெலைய ஏத்திட்டு.”

எங்கள் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பதை எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை. நல்லதாகச் செய்தால் நல்லது வரும் என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அதை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மாதக் கடைசியோடு எங்களை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் ஏறி இறங்காத கேட் இல்லை. வயதைக் கேட்பார்கள், அதோடு சரி.

கம்பெனியில் என் கடைசி நாளுக்கு முந்தைய நாள் எங்கள் லாரி டிரெய்லரில் திரும்பி வந்தது. பின்பக்கத்து யார்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு நான் அங்கே போனேன். சக்கரங்கள் சப்பையாக இருந்தன. மணலில் புதையாமல் ஓட டயரில் காற்றைக் குறைப்பார்கள். ஓட்டம் முடிந்ததும் திரும்ப நிரப்ப யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஷெட்டிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துவந்தேன். ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி உட்கார்ந்து, தார் ரோட்டில் ஓடும் அளவுக்குக் காற்றடித்தேன்.