சக்கரத்தடியில் பருத்திமார்

எம்.ரெட்டியபட்டி தாண்டி, மழையில் நனைந்த கரிசல் காட்டுக்குள் தங்கையையும் ஏற்றிக்கொண்டு எங்கள் சின்ன எஸ்யூவியை ஆசைக்காக இறக்கினேன். நான் இன்ஜினியர். மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் பம்பு எல்லாம் சரிபார்த்து எடுத்துவைத்திருந்தேன். தங்கையின் ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் மறந்துவிட்டேன்.

சக்கரங்கள் புதைந்தன. அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. போனில் சிக்னல் இல்லை. வெட்ட வெட்டக் களிமண் மூடிக்கொண்டே வந்தது.

பக்கத்துக் குடிசையிலிருந்து வந்த ஓர் அக்கா, விறகுக்காகச் சேர்த்திருந்த பருத்திமார்க் கட்டுகளை, காய்ந்த பருத்திச்செடிக் குச்சிகளை, தூக்கிவந்து சக்கரத்தடியில் திணித்தார்.

“மழைக்காலத்துல உங்க அடுப்புக்கு என்னக்கா செய்வீங்க?”

“அடுப்பு கெடக்கு. புள்ளைக்கு ஒதடு நீலம்பாரிச்சுருச்சு, வண்டிய எடு தாயி.”

கடைசிக் கட்டும் புதைந்த பிறகே வண்டி மேலேறியது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் காட்டைவிட்டுக் கிளம்பும்போது வண்டிக் கண்ணாடியில் பார்த்தது மறக்கவில்லை. அந்த அக்கா சேற்றில் குனிந்து, ஒடிந்த பருத்திமார்க் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இப்போதும் மழை பெய்தால், அந்த அடுப்பு எரிகிறதா என்றே நினைக்கிறேன்.