இல்லாத நோயாளிக்குச் சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், தி.நகர் வெங்கட்நாராயணா ரோட்டில் இருக்கும் பூங்காவில் ஆரம்பித்த கதை இது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநர். இப்படிச் சொன்னதும், கவுண்டரில் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். என் வேலை வார்டில். டாக்டர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா, இந்த நோயாளியின் சிறுநீரகம் இந்த அளவைத் தாங்குமா என்றெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் தேர்ந்தவர்களுக்கென்று ஒரு சிறப்புத் தகுதிச் சான்றிதழ் தேர்வு உண்டு. வெளிநாட்டு வாரியம் நடத்துவது, இங்கேயே கணினி முன் உட்கார்ந்து எழுதலாம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோயாளியின் கதை. இத்தனை வயது, இந்த நோய், இந்த மருந்துகள், இப்போது என்ன செய்வாய் என்று கேட்பார்கள்.

முதல் முறை எழுதி ஃபெயில் ஆனேன். நாற்பது வயதில் ஃபெயில் ஆவதில் இருக்கும் அவமானமே தனி. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகன், "பரவால்லம்மா, அடுத்த தடவ நல்லா பண்ணு" என்று என் வசனத்தை எனக்கே திருப்பிச் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்த முறையும் போனால் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மனதுக்குள் படிக்க வராது, வாய்விட்டுச் சொன்னால்தான் தலையில் நிற்கும். குரலும் கொஞ்சம் பெரிது. வீட்டில் கணவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார், மகன் கணக்குப் போடுவான். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பூங்காவுக்குத் துரத்திவிட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் என் தோழியும் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடப்பேன். அவள் கேள்வியைப் படிப்பாள், நான் பதிலைச் சொல்வேன். சொல்வேன் என்பது மரியாதைக்கு. கத்துவேன் என்பதுதான் சரி.

அதே நேரத்தில் நடக்க வரும் ஒரு பெண்மணி, பார்த்தால் சிரித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பழக்கம். என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், உஸ்மான் ரோட்டுப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார், ஆஸ்பத்திரி என்று சொன்னேன். அன்றிலிருந்து நான் அவருக்கு டாக்டரம்மா. "டாக்டர் இல்லீங்க, பார்மசிஸ்ட்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான டாக்டரம்மா" என்றுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கேள்வியில் எனக்கும் தோழிக்கும் பெரிய சண்டை. எழுபத்திரண்டு வயதுக்காரர். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வயிற்றில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். மாத்திரையின் அளவைக் குறைக்கலாம் என்பது அவள் கட்சி, உடனே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. பூங்காவை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றும் வரை வாதாடி, கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்மணி வேகமாக நடந்து என் பக்கத்தில் வந்தார். முகத்தில் உண்மையான கவலை. "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்றார்.

என் அப்பா சேலத்தில் சௌக்கியமாக இருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எழுபத்திரண்டு வயசுன்னு சொன்னீகளே. வெள்ளிக்கெழம அவ்வளவு டென்சனாப் பேசிட்டுப் போனீகளா, எனக்கு மனசே கேக்கல. வடபழனி கோயில்ல அவுகளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். பேரு தெரியாதுல்லா, அதான் சாமி பேருக்கே பண்ணச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பரீட்சைக் கேள்விக்கு அர்ச்சனை செய்த ஒரே ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அது என் அப்பா இல்லை, யாருடைய அப்பாவும் இல்லை, தேர்வுக்காக யாரோ எழுதிய கேள்வி, அப்படி ஒரு மனிதரே கிடையாது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நடப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அந்த மாத்திரைய நிறுத்தணும்னு சொன்னது?"

"அதுவும் அந்தக் கேள்விக்குப் பதில்தாங்க."

"எங்க அப்பாவும் நீங்க பேரு சொன்ன அந்த மாத்திரைதான் சாப்பிடுதாக. அவுகளுக்கும் எழுபத்திரண்டுதான். இந்த வயசுல அது கூடவே கூடாதுன்னு நீங்க சொன்னீகளே. வெள்ளிக்கெழமையில இருந்து நான் குடுக்கல."

எதற்காக அந்த மாத்திரை என்று கேட்டேன். சில வருடங்களுக்கு முன் இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்களாம். உலோக வால்வு. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மாத்திரைதான் உயிர்க்காப்பு. நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். வயிற்றில் ரத்தக் கசிவு என்ற பகுதியை என் தோழி படித்தாள், அது என் காதோடு நின்றுவிட்டது. நான் கத்திய வயதும் மாத்திரைப் பேரும் பதிலும் மட்டும்தான் ஊருக்கே கேட்டிருக்கிறது.

எப்படி அவர் வீட்டுக்குப் போனோம் என்று நினைவில்லை, பக்கத்துத் தெருதான். பெரியவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்து, "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்றால் அவர் என்ன நினைப்பார்? வாய் கோணுகிறதா என்று பார்க்கத்தான் கேட்டேன். சிரித்தார், நேராக இருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன்.

"சாப்பிடுத கையவுமா?" என்றார்.

அந்தப் பேச்சு தெளிவாக வந்ததே எனக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் மாத்திரையை எடுத்து நானே கையில் கொடுக்க முடியாது. மூன்று நாள் விட்டதை என்ன செய்வது என்று அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்ததும் உடனே கூட்டிவரச் சொன்னார்கள். ஆட்டோக்காரர், "மெட்ரோக்கு ரோட்ட நோண்டி வச்சிகீறாங்கம்மா, சுத்திகினுதான் போவணும்" என்றார். அவர் சுற்றிய ஒவ்வொரு தெருவிலும் நான் பெரியவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தேன், நாக்கு குழறுகிறதா என்று பார்க்க. அவர் அதை என் பேச்சு ஆசை என்று நினைத்து, பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டு வந்தார்.

ரத்தப் பரிசோதனையில் மாத்திரையின் வேலை கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருந்தது தெரிந்தது. வால்வை ஸ்கேன் செய்து பார்க்க உள்ளே கூட்டிப்போனார்கள். நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தோழி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. பாஸாக வேண்டும் என்று ஒரு வருடமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த நாற்காலியில் மறந்தே போயிற்று. அந்த ஸ்கேன் நல்லபடியாக வந்தால் போதும் என்றிருந்தது.

நல்லபடியாக வந்தது. வால்வில் கட்டி எதுவும் இல்லை. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, அது வேலை செய்யத் தொடங்கும் வரை சில நாள் அங்கேயே வைத்து ஊசி போட்டால் போதும் என்றார் டாக்டர். பிறகு, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நானாத்தான் சார் நிறுத்தினேன்" என்றார் அந்தப் பெண்மணி, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழுக்கதையையும் நானே சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "பதிலை மட்டும் சத்தமா சொன்னா எப்படிம்மா? கேள்வியையும் சத்தமா படிச்சிருக்கணும்" என்றார். அப்புறம் அந்தப் பெண்மணியிடம், இனி யார் சொன்னாலும், டிவியில் சொன்னாலும், தன்னைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று அழுத்தமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பூங்காவுக்குப் போகவில்லை. புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பெரியவர் பொங்கல் கையைத் தூக்கியதுதான் ஞாபகத்துக்கு வரும். தேர்வே வேண்டாம் என்று தோன்றியது. ஒருநாள் அந்தப் பெண்மணியிடமிருந்து போன். "அப்பா வீட்டுக்கு வந்துட்டாக, நல்லா இருக்காக. நீங்கதான் வரல. பார்க்கே சத்தமில்லாமக் கெடக்கு" என்றார். மறுநாள் போனேன்.

அன்றிலிருந்து படிக்கும் முறையே மாறிவிட்டது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்காருவோம். தோழியின் குரலை ஸ்பீக்கரில் போடுவேன். முழுக் கேள்வியும் அவருக்கும் கேட்கும், நான் தமிழில் சொல்வேன். பதில் சொல்லி முடித்ததும் அவர் தவறாமல் கேட்பார்: "இது எங்க அப்பாவுக்கு ஆகுமா?" ஆகாது என்பேன். ஏன் ஆகாது என்பார். வால்வு இருக்கிறது, அதனால் ஆகாது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, அதனால் இது தேவையில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. போன தடவை நான் பதில்களை மனப்பாடம் செய்திருந்தேன். யாருக்கு அந்தப் பதில் பொருந்தாது என்பதைப் படிக்கவே இல்லை. தேர்வு கேட்பதோ முழுக்க முழுக்க அதைத்தான்.

ஐப்பசி மழைக்கு முன் எழுதினேன், பாஸாகிவிட்டேன். ஸ்வீட் பாக்ஸோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவர் ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு, "ஏம்மா, அந்த எழுபத்திரண்டு வயசுக்காரரு கடைசியில என்ன ஆனாரு?" என்று கேட்டார். விடையைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஆள் திரையிலிருந்து போய்விடுவார், அடுத்தவர் வந்துவிடுவார், அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை என்றேன். "அப்ப அது சுலபமான பரீட்சைதான்" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வார்டில் ஒருவருக்கு மருந்து விளக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது இப்போது என் கண்ணில் படுகிறது. இந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்வதோடு, இது உங்களுக்கு மட்டும், இந்தக் காரணத்துக்காக மட்டும் என்றும் அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படியே சொல்கிறேன். சான்றிதழ் எனக்குச் சரியான பதில்கள் தெரியும் என்று சொல்கிறது. ஆனால் ஒரு பதில் யாருக்கானது என்று சொல்லாதவரை அது சரியான பதில் ஆகாது என்பதை எனக்குச் சொன்னவர், முகம் தெரியாத ஒருவருக்காகச் சாமி பேரில் அர்ச்சனை செய்த அந்தப் பெண்மணிதான்.