கிரேன்காரி நிறுத்திய பள்ளம்

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியதால் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கிரேன்காரி. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கப்பல்கள் வராமல் போய்ப் பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். ஆறு வருஷம் கழித்து அங்கே புதுக் குடியிருப்பு கட்டத் தொடங்கியதும், மண் தோண்டும் இயந்திரம் ஓட்ட இவர் மட்டும் திரும்பி வந்தார்.

பழைய கிடங்குகளை இடிக்காமல் வீடுகளாக மாற்றுவது, மழைத்தண்ணீரைச் சேமிப்பது, கரையோரம் நடைபாதை, நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு திடல் என்று திட்டம் போட்டிருந்தார்கள். கிரேன்காரியின் தம்பியும் அங்கே ஒரு வீட்டுக்குப் பதிந்திருந்தார். ஒற்றை அறையில் மனைவியோடும் இரட்டைப் பெண் குழந்தைகளோடும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

திடலுக்காகத் தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, அள்ளிய மண் நீலம் பாரித்து மேலே வந்தது. தார் வாடை குப்பென்று அடித்தது. கிரேன்காரி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

மேஸ்திரி ஓடிவந்தார். "என்னக்கா, அதுக்குள்ள டீயா?"

"இந்த மண்ணப் பாருங்க. சரியில்ல."

"மேல ரெண்டடி நல்ல மண்ணு கொட்டத்தானே போறோம்? சோதனையும் முடிஞ்சாச்சு."

"சோதனைக்குழி போட்டது அந்த மூலையில. இது இந்த மூலை. பிள்ளைங்க ஓடியாடப்போற இடம், நான் மூடமாட்டேன்."

"நீங்க செய்யலன்னா வேற ஆளு செய்வான்."

"செய்யட்டும். சாவி என் பையில இருக்கு."

வண்டியைப் பள்ளத்துக்குக் குறுக்கே விட்டுவிட்டு, நேரே பொறியாளரிடம் போனார். அவர் வந்து பார்த்து, ஒரு டப்பாவில் மண்ணை எடுத்துப்போனார். பத்து நாளில் முடிவு வந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய ஆலைத்தொட்டி ஒன்று அடியில் புதைந்து, விஷத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. வேலை எட்டு மாதம் நின்றது.

வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் கிரேன்காரியைத் திட்டித் தீர்த்தார்கள். அதையெல்லாம் அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். தம்பி வந்து நின்றபோதுதான் முடியவில்லை.

"ஊரான் பிள்ளைங்களக் காப்பாத்த என் பிள்ளைங்களத் தவிக்க விட்டுட்டியேக்கா!"

"அந்த மண்ண வாயில போடப்போறது உன் பிள்ளைங்கதான்டா."

தம்பி படியிறங்கிப் போனார். நாலு மாதம் ஒரு போன்கூட இல்லை. அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை என்று கிரேன்காரி பின்னால் ஒத்துக்கொண்டார்.

தொட்டிக்குள் தேங்கியிருந்த விஷத்தை உறிஞ்சி எடுத்த பிறகும் துருப்பிடித்த தொட்டியைத் தூக்கும் வேலை மிச்சமிருந்தது. உடைந்தால் அடியில் கிடக்கும் கசடு கரையெல்லாம் பரவும். வந்த டிரைவர்கள் இரண்டு பேர் கையை விரித்துவிட்டார்கள். பொறியாளர் கேட்டதும் கிரேன்காரி முகமூடியை மாட்டிக்கொண்டு கிரேனில் ஏறினார். நாற்பதடி நகர்த்த ஒரு காலை முழுக்க ஆயிற்று. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, அதைப் பெரிய லாரியில் இறக்கி வைத்தார்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்த கூட்டத்தில் தம்பியும் இருந்தார். அக்கா வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கை நடுங்குது பாருக்கா."

"இப்பதான்டா நடுங்குது. மேல இருந்தப்ப அதுக்கு ஏது நேரம்?"

அடுத்த வருஷம் தம்பி அங்கே குடியேறினார். கரையில் எங்கே புதிதாகப் பள்ளம் தோண்டினாலும், முதலில் அள்ளிய மண்ணைக் கிரேன்காரி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மேஸ்திரி மேற்கொண்டு தோண்டச் சொல்கிறார்.