காத்தாயியின் வெள்ளைத் தலை

கொட்டாங்குச்சியில் குழைத்த டையை ஒரு ஈர்க்குச்சியால் தொட்டு, தன் இடது முன்னங்கையின் உள்பக்கம் பொட்டு வைத்துக்கொள்கிறாள் காத்தாயி. அங்கே ஏற்கெனவே ஆறு புள்ளிகள் இருக்கின்றன. சில நல்ல கறுப்பு, சில மங்கிப் பழுப்பேறியவை. இன்றைக்கு வைத்தது ஏழாவது. “இது டீச்சரு. இது சத்துணவு ஆயா. இந்தா, மணிக்கட்டுகிட்ட இருக்கே, இது சிங்கப்பூர்க்காரி. புருஷன் வெள்ளிக்கெழம வர்றாராம். அதுக்குள்ள கறுப்பாக்கிக் குடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா” என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சிரிக்கிறாள்.

யாருக்கு டை அடிப்பதாக இருந்தாலும் முந்தின நாளே அவர்களுடைய டை பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழைத்துத் தன் கையில் வைத்துப் பார்ப்பாள். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை என்றால்தான் மறுநாள் அவர்கள் தலையில் பிரஷ் படும். பிரஷ் என்றால் வீட்டில் தேய்ந்துபோன பல் பிரஷ்தான். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் பெண்கள் சலூனுக்குப் போகிற வழக்கம் கிடையாது. சலூன்தான் அவர்களைத் தேடி வரும், ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிக்கொண்டு.

கையில் வைத்துப் பார்க்கிற பழக்கம் பழைய வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. காத்தாயி மருத்துவச்சியாக இருந்தவள். புருஷன் கோவிந்தராசு ஊருக்கு முடி வெட்டுவார், பெண்டாட்டி பிரசவம் பார்ப்பாள். முடி வெட்டுகிற குடும்பங்களில் அப்படித்தான். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் வெந்நீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்த கைதான் இப்போது டையையும் பார்க்கிறது. பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. “நல்லதாப் போச்சுங்க. ஒவ்வொரு தடவையும் பெக்குறவளுக்குப் போற உசுரு பாதி, எனக்குப் போற உசுரு பாதி” என்பாள்.

அவளிடம் இரண்டு விசித்திரங்கள் உண்டு. ஊருக்கெல்லாம் முடியைக் கறுப்பாக்குகிறவளின் தலை தும்பைப்பூவாக வெளுத்துக் கிடக்கும். கேலி பேசாதவர்கள் கிடையாது. “மொதல்ல ஒந்தலைக்கு அடிடி, அப்பறம் எங்க தலைக்கு வரலாம்” என்பார்கள். “என்னை எவன் பொண்ணு பாக்க வர்றான்?” என்று பேச்சை முடித்துவிடுவாள்.

இன்னொன்று அவள் கேட்கிற கேள்வி. நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் பழைய துண்டைப் போட்டு, நெற்றி ஓரம் கறை பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, காதருகே குனிந்து கேட்பாள்: “முழுகி எத்தன நாளாச்சு?” நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் துண்டை உருவிக்கொண்டு எழுந்துவிடுவாள். கல்யாணமாகாதவளையும் கேட்பாள், பேரன் எடுத்தவளையும் கேட்பாள். ஓய்வுபெற்ற தபால் அலுவலகத்து அம்மாள் ஒருத்தி ஒருநாள் சீறிவிட்டாள்: “ஏண்டி, எனக்கு நின்னே பதினஞ்சு வருஷமாவுதுடி!” காத்தாயி அசரவில்லை. “வயசாலதான் நின்னுச்சான்னு கேட்டுக்கிறேங்க. வேற ஒண்ணுமில்ல.”

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட ஒரு தடவைக்காக இத்தனை தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எண்பத்தொன்றாம் வருஷம், தை மாதம். பஞ்சநதம் என்கிற குத்தகை விவசாயியின் பெண்டாட்டி வள்ளியம்மைக்கு அப்போது இருபத்தைந்து வயது. இளநரை. நாத்தனார் கல்யாணத்துக்கு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டுமே என்று காத்தாயியைக் கூப்பிட்டு டை அடித்துக்கொண்டாள். ஐம்பது நாள் தள்ளிப்போயிருந்ததை அவள் சொல்லவில்லை. புருஷனிடமே அப்போதுதான் சொல்லலாமா என்று இருந்தாள். காத்தாயியும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள், அறுவடைக்கு நின்ற நெல்லை அறுக்க நிலத்துக்காரர் வெளியூர் ஆட்களோடும் ஒரு வேன் போலீஸோடும் வந்து இறங்கினார். குத்தகைப் பதிவேட்டில் பஞ்சநதத்தின் பெயரே இல்லை என்றார்கள். மூன்று தலைமுறையாக உழுத நிலம். பஞ்சநதத்தை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வள்ளியம்மை வயலை விட்டு நகரவில்லை. மூன்று நாள் வெயிலிலும் பனியிலும் வரப்பிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் காத்தாயியைக் கூப்பிட ஆள் ஓடிவந்தது. இந்தத் தடவை மஞ்சள் பைக்கு வேலையில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது வள்ளியம்மையின் புடவை நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வாடகைக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். பெரிய உயிரை மட்டும்தான் திருப்பிக் கொண்டுவர முடிந்தது.

வள்ளியம்மையின் மாமியார் பிரகதாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “இந்தப் பாவி தலையில பூசுன மைதாண்டி வயித்துக்குள்ள எறங்கிடுச்சு!” அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. நிலத்துக்காரரைச் சொல்ல முடியுமா? போலீஸைச் சொல்ல முடியுமா? காத்தாயியைச் சொல்லலாம். சொன்னால் யாரும் வேனில் ஏற்றிக்கொண்டு போகமாட்டார்கள்.

ஊர் சொன்னதுகூடப் பெரிதில்லை. காத்தாயியே அதை நம்பிவிட்டாள். எத்தனையோ பிள்ளைகளை உலகத்துக்கு வாங்கிக் கொடுத்த கை, ஒன்றைக் கொன்றுவிட்டது என்று நம்பினாள். ஒரு வருஷம் பிரஷைத் தொடவில்லை. பிறகு பெண்கள் விடாமல் கூப்பிட்டதில் மறுபடி கிளம்பினாள், அந்தக் கேள்வியோடு. தன் தலைக்கு மட்டும் அடித்துக்கொள்ளவில்லை. “அந்தப் பொண்ணு மடி காஞ்சு கெடக்கு, எனக்கு என்ன அலங்காரம் வேண்டிக் கெடக்கு?” என்று ஒரு தடவை புருஷனிடம் சொன்னாள். கோவிந்தராசு அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பஞ்சநதத்தின் குத்தகை வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆட்சிகள் மாறின, கோவிந்தராசுவின் சலூன் சுவரில் தலைவர் படங்கள் மாறின, வாய்தா மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம்தான் அந்த வீட்டில் ஒரு நல்ல சேதி. முப்பத்தேழு வயதில் வள்ளியம்மை முழுகாமல் இருக்கிறாள். நாகூருக்கு நேர்ந்ததா, வலங்கைமான் மாரியம்மனா என்பதில் அந்த வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால், உச்சி வெயிலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு காத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றாள் வள்ளியம்மை. தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

“அக்கா, வளைகாப்புக்கு டை அடிச்சு விடு.”

காத்தாயி சட்டென்று எழுந்துவிட்டாள். “என்ன பேச்சு பேசுற ஆயி? வீட்டுக்குப் போ. வெயில்ல நிக்காத.”

“பொறக்குற புள்ள கண்ணத் தொறந்து என்னையப் பாத்துட்டு, பாட்டின்னு கூப்ட்டா என்ன பண்றது?”

“கூப்புடட்டும். எப்புடியாவது கூப்புட்டா சரி. நான் மாட்டேன். சாமி சத்தியமா மாட்டேன்.”

வள்ளியம்மை அந்த வெள்ளைத் தலையைப் பார்த்தாள். “சரி, நாளைக்கு எங்கூட டாக்டர்கிட்ட வா. அவங்க வேணாம்னா நானும் வேணாம்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாபநாசத்தில் வள்ளியம்மை காட்டிக்கொள்கிற டாக்டர் கமருன்னிஸா, நாகூர்ப் பக்கத்துப் பெண். கத்தரித்தாற்போல் பேசுவார். வள்ளியம்மை டையைப் பற்றிக் கேட்கவில்லை. நேரே பழையதைக் கேட்டாள்.

“பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி ஒண்ணு தங்காமப் போச்சுங்க. அதுக்கு முந்தின வாரம் இந்த அக்காதான் டை அடிச்சு விட்டாங்க. அதனாலயாங்க போச்சு?”

காத்தாயி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். 

“எத்தனை நாள்ல போச்சு?” என்று கேட்டார் டாக்டர்.

“ரெண்டு மாசங்க. அப்ப வயல்ல ஒரு தகராறு. மூணு நாளா வரப்புலயே கெடந்தேன்.”

“அந்த மாசத்துல கலையுற கருவுல பெரும்பாலானது அதுக்குள்ளயே ஏதோ கோளாறா இருந்து கலையுறதுதாம்மா. நீங்க வயல்ல கெடந்ததாலன்னும் சொல்ல மாட்டேன், இவங்க டை அடிச்சதாலன்னும் சொல்ல மாட்டேன். தலைத்தோல் வழியா உள்ள எறங்குறது ரொம்பக் கொஞ்சம். அது கருவைக் கலைச்சதா நான் படிச்சதுமில்ல, பாத்ததுமில்ல. இருந்தாலும் ஒரு ஜாக்கிரதைக்கு, மொதல் மூணு மாசம் வேணாம்னு சொல்லுவோம். உங்களுக்கு இப்ப ஏழு. அடிச்சுக்கலாம்.”

அப்புறம் காத்தாயி பக்கம் திரும்பி வரிசையாகச் சொன்னார். காற்றோட்டமான இடத்தில் அடிக்க வேண்டும். தலையில் புண், சிரங்கு இருக்கக்கூடாது. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் விடக்கூடாது. பெயர் விலாசம் இல்லாத பொட்டலம் கூடவே கூடாது. கையில் உறை போட வேண்டும். இரண்டு நாள் முன்னால் கொஞ்சம் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.

“அதெல்லாம் தவறாம வெச்சுருவேங்க” என்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள் காத்தாயி. முன்னங்கையை நீட்டிப் புள்ளிகளைக் காட்டினாள்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “உங்க கையில வெச்சா உங்களுக்குச் சேருமா சேராதான்னுதாம்மா தெரியும்! அவங்க தோல் வேற, உங்க தோல் வேற. அவங்களுக்கு அவங்க காதுக்குப் பின்னால வெச்சுப் பாக்கணும்.” இரண்டு ஜோடி ரப்பர் உறையை எடுத்து அவள் கையில் கொடுத்து அனுப்பினார்.

 பஸ்ஸிலிருந்து ஊர் நிறுத்தத்தில் இறங்கி நாலு எட்டு வைத்த காத்தாயி, வாய்க்கால் மதகில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பன்னெண்டு வருஷம்டி” என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. வள்ளியம்மையும் பக்கத்தில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள். “அன்னைக்கே நான் வாயத் தொறந்து அக்கா மேல தப்பில்லன்னு சொல்லியிருக்கணும். எனக்கே நிச்சயமாத் தெரியல. யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு, நீதான் கெடச்ச” என்றாள். அவளும் அழுதாள்.

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் வள்ளியம்மையின் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி விழுந்தது. பழக்கம் விடுமா, காத்தாயியின் முன்னங்கையிலும் ஒன்று விழுந்தது. அந்த இரண்டு நாளும் அவள் அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போனாள் என்று கேட்டால் தெருவே சிரிக்கும். காலையில் போய்க் காதை மடக்கிப் பார்ப்பாள். சோறு வடித்துவிட்டுப் போவாள். விளக்கேற்றிவிட்டுப் போவாள். “இன்னும் ஒரு தடவை மடக்குனா காது கையோட வந்துரும்க்கா” என்றாள் வள்ளியம்மை. அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, கொல்லையில் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். நல்ல காற்று. காத்தாயி இந்தப் பிறவியில் முதல் தடவையாகக் கையில் உறை மாட்டிக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பிரகதாம்பாளுக்கு இப்போது கண் பார்வை மட்டம். தூணைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசலிலேயே நின்றாள்.  கூடத்துக் கடிகாரத்தை இரண்டு தடவை கிட்டப்போய் உற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். நேரம் ஆனதும், “ஆயிடுச்சு, அலசி விடுடி காத்தாயி” என்று சொல்லித் தானே வெந்நீர்த் தவலையை இழுத்துக்கொண்டு வந்து மொண்டு கொடுத்தாள். காத்தாயி அந்தத் தண்ணீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுத் தலையில் ஊற்றினாள்.

முடி காய்ந்ததும் வள்ளியம்மை பத்து வயது குறைந்து உட்கார்ந்திருந்தாள். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் டை மிச்சமிருந்தது. வழக்கமாகக் காத்தாயி அதை வேலி ஓரம் ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுவாள். எடுக்கப் போனபோது கொட்டாங்குச்சியைக் காணோம். அது வள்ளியம்மையின் கையில் இருந்தது. டாக்டர் கொடுத்த இரண்டாவது ஜோடி உறையை அவள் மணிக்கட்டுவரை இழுத்து மாட்டியிருந்தாள்.

“உக்காருக்கா.”

“அடிப் போடி. எனக்கு எதுக்கு?”

“முழுகி எத்தன நாளாச்சு?”

தூணருகே பிரகதாம்பாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். காத்தாயிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. “எனக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ...” என்று இழுத்தாள்.

வள்ளியம்மை குனிந்து அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டுக்கு மேலே அந்தப் புள்ளி, நல்ல கறுப்பாக, தடிப்பில்லாமல், சிவப்பில்லாமல் இருந்தது.

“இது உனக்கு வெச்சதுதானேக்கா? டாக்டரம்மா சொன்னாங்கள்ல?”

காத்தாயி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு வள்ளியம்மையின் உறை சரியாக மூடியிருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.