இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஊசி

இருபத்தெட்டு. இந்த எண்ணை மறந்துடாதீங்க. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஊசி போட்டா அந்த வெல்டர் ஒழுங்கா வேலைக்குப் போவான், அக்கா வீட்டு ஹால்ல தூங்குவான், அக்கா பிள்ளைங்ககிட்ட கேரம்ல வேணும்னே தோத்துப்போவான். ஊசி தப்பினா காதுல குரல் கேக்கும்.

அக்கா பஸ் கண்டக்டர். ஊசி போட தெருமுனை மனநல கிளினிக் நர்சம்மா வீட்டுக்கே வருவாங்க. "திரும்பி நில்லுடா. நெருப்புல இரும்பையே ஒட்டுறவன், இத்தனூண்டு ஊசிக்குப் பயப்படுற!" அவனும் சிரிச்சுக்கிட்டே திரும்புவான்.

செலவைக் குறைக்கிறோம்னு அந்த கிளினிக்கை இழுத்து மூடினாங்க. நர்சம்மாவைக் காய்ச்சல் வார்டுக்குத் தூக்கியடிச்சாங்க. இனிமே பெரிய ஆஸ்பத்திரிதான். அங்க வரிசையில கால்மணி நேரம் நின்னான். "எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்கக்கா"ன்னு ஓடியே போயிட்டான். மறுபடி கூட்டிட்டுப் போக அக்காவுக்கு லீவு இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு கேஸ் சிலிண்டரைத் தெருவுல வீசினான். குரல் சொல்லுச்சாம். வீட்டு ஓனர் வந்தார். "கண்டக்டரம்மா, உங்க மேல ஒரு குறையும் இல்ல. அவன் இருந்தா நீங்க எல்லாரும் வீட்டைக் காலி பண்ணணும்." உள்ள இருந்து கேட்டுக்கிட்டிருந்தவன், செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டான்.

இப்ப அக்கா பஸ் போற வழியில ஏழாவது ஸ்டாப்தான் அவனுக்கு வீடு.

வீடில்லாதவங்களுக்கு ஒரு காப்பகம் இருக்கு. படுக்கை உண்டு, ஊசியும் உண்டு. அக்கா விண்ணப்பம் வாங்கினா. முகவரின்னு இருந்த இடத்துல 'வீடு இல்லை'ன்னு எழுதணும். கை வரல. கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கேன், தம்பியை நாதியத்தவன்னு எழுதவா? தன் வீட்டு விலாசத்தையே எழுதிக் குடுத்துட்டா.

"வீடு இருக்கேம்மா"ன்னார் கிளார்க்.

"தப்பா எழுதிட்டேன் சார். அடிச்சுட்டு எழுதித் தரேன்."

"பதிஞ்சாச்சு. இனி ஆபீசர் நேர்ல வந்து பாத்தாதான் மாத்த முடியும். நாலு ஆபீசர்ல மூணு பேரைக் குறைச்சுட்டாங்க. நான் என்னம்மா செய்ய?"

அந்த ஆபீசுக்கு மூணு தடவை நடந்தா. ஆபீசர் வரல.

இன்னைக்கு ஏழாவது ஸ்டாப்புல படியில நின்னு சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினா.

"ஏறுடா, ஒரு நடை வந்துட்டுப் போ."

"வேணாங்க்கா. உள்ள என்னைத்தான் பேசுறாங்க. உன் டிரைவர் மூஞ்சியும் சரியில்ல."

"ஏம்மா, விசில் ஊதுறியா, நாங்க இறங்கி நடக்கவா?" பின்சீட்டுலேர்ந்து ஒரு குரல்.

ஊதினா. வேற என்ன பண்ணுவா?

கடைசி ஊசி போட்டு நூத்திப்பதினேழு நாள்.