கிளவுடில் ஏறி வந்த வயது

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். செம்பவாங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் நடராஜன் எதிரே வந்து உட்கார்ந்தார். கூடவே மனைவி சுமதி. இருவர் முகமும் சரியில்லை.

"அண்ணே, கிளவுட்ல இருந்து இவ பர்த் சர்டிபிகேட் கிடைச்சிருச்சு லா," என்றார் நடராஜன்.

நல்ல செய்திதானே? சுமதி யாழ்ப்பாணத்துக்காரர். போரில் அவர் ஊர்ப் பதிவு அலுவலகம் எரிந்துபோனது... அவர் வீடும்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இங்கே குடியுரிமை விண்ணப்பம் நகரவில்லை. இப்போது, கொழும்பில் தப்பிய பிரதிகளை ஸ்கேன் செய்து இணையக் கிளவுடில் ஏற்றியிருக்கிறார்கள். கேட்டார், வந்துவிட்டது. அப்புறம் என்ன?

"பாஸ்போர்ட்ல என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. இதுல ரெண்டு வயசு மூத்தவ."

எனக்குப் புரையேறியது.

சுமதி தலை நிமிரவில்லை. "சண்டையால என்ர கலியாணம் தள்ளித் தள்ளிப் போச்சுது அண்ணா. பதிவு எரிஞ்சிட்டுது எண்டு சத்தியக் கடதாசி முடிக்கேக்க, அப்பா நாலு வயசைக் குறைச்சுப் போட்டார். இவருக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது."

கல்யாணச் சந்தையில் பெண்ணின் வயதைக் குறைப்பது நமக்குப் புதிதா? ஆனால் போர் தின்ற வருஷங்களை ஒரு தகப்பன் மகளுக்குத் திருப்பி எழுதிக் கொடுத்ததைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியுரிமை அதிகாரிக்கு வரும் – அது வேறு விஷயம்.

நடராஜனுக்கு வேறு வருத்தம். "பாவம், சின்னப் பொண்ணுன்னு எல்லாச் சண்டையிலயும் நான்தானே அண்ணே விட்டுக்கொடுத்தேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேசாம இதைக் காட்டாம விட்ருவோமா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வேற..."

சுமதி போனை அவர் முன்னால் வைத்தார். சான்றிதழின் அடியில், தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில், கோணல்மாணலாக ஒரு கையெழுத்து.

"அப்பான்ர. வீட்டோட எல்லாம் எரிஞ்சதில, அவற்ர கையால எழுதினது எனக்கு இது ஒண்டுதான் மிச்சம். இதை ஒளிக்க மாட்டன்."

நடராஜன் அந்தக் கையெழுத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாளைக்கே பாஸ்போர்ட்டில திருத்தக் குடுப்பம். மாமிக்கும் நானே சொல்லுறன்," என்றார் சுமதி.

"கொஞ்சம் யோசிச்சு..."

"மூத்தாக்கள் சொன்னால் கேக்கோணும்."

நடராஜன் சரியென்று தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? அரசாங்க ரெக்கார்டே சுமதி பக்கம்!