கயிற்றில் வந்த தாய்வீட்டுச் சீர்

என் காருக்குக் கிளட்ச் கிடையாது; தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். வாங்கிய நாளிலிருந்து போடியில் எல்லோருக்கும் நான் இளக்காரம். "மலைக்கு ஆகாத வண்டி" என்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனாலேயே தங்கையின் வளைகாப்புக்கு அதில்தான் போவேன் என்று கிளம்பினேன்.

பல வருடம் ஏங்கியபின் அவளுக்கு உண்டான பிள்ளை. அம்மா இல்லை; தாய்வீட்டுச் சீர் என்றால் நான்தான். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. நான் வளையல் கொண்டுபோனால்தான் சடங்கே தொடங்கும்.

போடிமெட்டு தாண்டி, தங்கை வீடு இருக்கும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒற்றைப் பாதையில் புளியோதரைத் தூக்கு சரிந்தது. காரை நிறுத்தி அதை நிமிர்த்திவிட்டு வந்து சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி செத்துவிட்டது. கியரும் பார்க்கிங்கில் பூட்டிக்கொண்டது. பின்னாலேயே தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. பெண்கள் இறங்கிக் காரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"கயிறு கட்டி இழுத்துருவேன்க்கா. ஆனா ஒங்க வண்டிய ஒதுக்குனாத்தான ஜீப்பு முன்னால வரும்?" என்றார் டிரைவர்.

போடி மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன்.

"மொதல்ல ஹேண்ட் பிரேக்கப் போடுங்க, உருண்டுறப் போகுது. கியருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும். அதப் பேத்து, உள்ள அமுக்கிக்கிட்டே, பிரேக்க மிதிச்சு நியூட்ரலுக்குத் தள்ளுங்க."

சாவி அந்த ஓட்டைக்குள் நுழையவில்லை. ஜீப்பில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அதைவிடத் தடி. சீர்த்தட்டில் அம்மாவின் வெள்ளிக் கரண்டி கண்ணில் பட்டது, சந்தனம் எடுக்கிற குட்டிக் கரண்டி. மனசே வரவில்லை. ஆனாலும் காம்பை உள்ளே விட்டு அமுக்கினேன். டொக்கென்று கியர் நகர்ந்தது, காம்பும் வளைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். எல்லோரும் தள்ளினார்கள். இம்மியும் நகரவில்லை.

"சும்மாவா சொல்றாக, மலைக்கு ஆகாத வண்டின்னு" என்றார் டிரைவர்.

வந்த கோபத்தில் இறங்கிப் பார்த்தேன். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல். மலையில் வண்டி நின்றால், இறங்குகிறவர்கள் முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். இறங்கிய அத்தனை பேரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். "நீ வச்சது தெரியாம நானும் வச்சுட்டேன் ஆத்தா" என்று ஒருத்தி சிரிக்க ஆரம்பிக்க, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கல்லை எடுத்ததும் கார் சமத்தாக ஓரம் போனது. ஜீப் முன்னால் வந்து இழுக்க, செத்த ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியபடி தங்கை வீட்டு வாசலில் போய் நின்றேன். மறுபடியும் குலவை. நல்ல நேரம் இன்னும் மிச்சமிருந்தது.

"ஒன்னையக் கயித்தக் கட்டித்தான் இழுத்துட்டு வரணுமாக்கா?" என்று தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சந்தனம் பூசும்போது, கரண்டி ஏன் கோணியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அம்மாவும் சேந்துதான் தள்ளிவிட்டுருக்கு" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டேன்.